ஆம்னிக்கு மூச்சு முட்டினால்

கார்புரேட்டர் வைத்த பழைய மாருதி ஆம்னி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு கேள்வி. பங்க்கில் பெட்ரோல் மூடியைத் திறக்கும்போது ‘உஸ்ஸ்’ என்று ஒரு சத்தம் கேட்கிறதா? கேட்டால், அந்தக் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று என்றைக்காவது கவனித்ததுண்டா? டேங்க்குக்குள்ளிருந்து வெளியே வருகிறதா, வெளியிலிருந்து உள்ளே இழுக்கிறதா?

பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. பங்க் பையன் மூடியைத் திருகுவான், நாம் மீட்டரில் சைபர் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்போம். ஆனால் அந்தச் சத்தத்தின் திசையைப் பார்த்து வைத்திருந்தால், மதுரையில் எத்தனையோ பேருக்குப் புது பெட்ரோல் பம்ப்பும் கார்புரேட்டர் கிட்டும் வாங்கிய காசு மிச்சமாகியிருக்கும்.

எங்கள் வண்டி 1997 மாடல். அப்பா பழைய வண்டியாக வாங்கி, ஜவுளி மூட்டை ஏற்றி மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி என்று சுற்றிய வண்டி. இப்போது மூட்டை கிடையாது. குலதெய்வக் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும்தான் வெளியே எடுக்கிறோம். இதைப் போய் கிளாசிக் என்கிறாயே என்று நண்பர்கள் சிரிக்கிறார்கள். சட்டப்படி பார்த்தால் அவர்கள் சொல்வது சரிதான். 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி 50 வருடம் தாண்டினால்தான் வின்டேஜ் பதிவு. மாருதி வேன் முதலில் வந்ததே 1984இல். அந்தக் கணக்கில் முதல் வேனுக்கே 2034 வரை பொறுக்க வேண்டும். ஆனால் 1988இல் ஆம்னி என்று பெயர் மாறி, 2019 வரை தயாரித்து, பள்ளிப் பிள்ளைகளையும் நோயாளிகளையும் பந்தல் சாமான்களையும் சுமந்து, தமிழ் சினிமாவில் கதாநாயகியைக் கடத்தும் வேலையையும் விடாமல் செய்த வண்டிக்கு அரசாங்கச் சான்றிதழ் எதற்கு? எனக்கு இது கிளாசிக்தான்.

விஷயத்துக்கு வருகிறேன்.

வண்டி மாட்டுத்தாவணியில் கிளம்பினால் மேலூர் வரை குறை சொல்ல முடியாது. கொட்டாம்பட்டியை நெருங்கும்போது இழுவை குறையும். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் திணறும், விட்டால் கொஞ்சம் தேறும், அப்புறம் ஓரமாகப் போய் அணைந்துவிடும். செல்ஃப் அடித்தால் இன்ஜின் சுற்றும், பிடிக்காது. புளிய மரத்து நிழலில் அரை மணி நேரம் விட்டுவிட்டால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். இன்னொரு கூத்து, டேங்க்கை நிரப்பிக்கொண்டு கிளம்பிய நாளில் சீக்கிரமே மக்கர் செய்யும். பாதி டேங்க்கில் கிளம்பினால் வெகுதூரம் போகும். பெட்ரோல் குறைவாக இருந்தால் வண்டி நன்றாக ஓடுகிறது என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

ஒர்க் ஷாப்பில் சொன்னால் வழக்கமான வரிசை ஆரம்பிக்கும். முதலில் ஃபில்டர். பிறகு ஜெட் அடைப்பு என்று கார்புரேட்டரைக் கழற்றி ஊதுவது. அடுத்து, ‘பம்ப் வீக்காயிருச்சுண்ணே, டயாபிரம் போயிருக்கும்.’ கடைசியாக, ‘வெயிலுக்கு ஏர் லாக் ஆகுது, பம்ப்பு மேல ஈரத்துணி போடுங்க.’ இவை எதுவும் முட்டாள்தனமான யோசனை இல்லை. ஆம்னியில் இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறது. சித்திரை வெயிலில், அழகர் ஆற்றில் இறங்கும் சமயத்து நெரிசலில் ஊர்ந்தால் சீட்டே சுடும். பெட்ரோலில் சீக்கிரம் ஆவியாகும் பகுதி 40 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதிக்க ஆரம்பிக்கும். பம்ப்பிலும் குழாயிலும் பெட்ரோல் குமிழியாகி வழி மறிப்பது நிஜமாகவே நடக்கிற சங்கதி. ஈரத்துணி வைத்தியமும் வேலை செய்கிற வைத்தியம்தான்.

சிக்கல் எங்கே என்றால், ஏர் லாக்குக்கும் டேங்க் மூச்சு அடைப்புக்கும் வெளியே தெரியும் குணம் ஒன்றுதான். இரண்டிலும் வண்டி திணறி நிற்கும். இரண்டிலும் அரை மணி நேரம் விட்டால் சரியாகும். முதலாவது சூடு ஆறுவதால் சரியாகிறது. இரண்டாவது, எங்கோ ஒரு மயிரிழை இடுக்கு வழியாக டேங்க்குக்குள் மெல்லக் காற்று கசிந்து ஏறுவதால் சரியாகிறது. பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. வண்டி நின்றதும் எதையும் தொடாமல் பெட்ரோல் மூடியைத் திறந்து பாருங்கள். மூடியோரம் ஒரு மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்தால் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துவிடும். உள்ளே இழுத்து, மூடியைத் திரும்பப் போட்டதும் வண்டி உடனே ஸ்டார்ட் ஆனால் கோளாறு டேங்க்கில். மூடியைத் திறந்தும் பயனில்லை, பம்ப்பில் ஈரத்துணி போட்டதும் கிளம்புகிறது என்றால் ஏர் லாக். எங்கள் வண்டியில் காகிதம் மூடியோடு ஒட்டிக்கொண்டது. இந்தச் சோதனைக்குக் காசு செலவில்லை. சிகரெட்டை மட்டும் தூர வைத்துவிட்டு வாருங்கள்.

ஏன் இப்படி ஆகிறது? அந்தக் காலத்து மளிகைக் கடையில் எண்ணெய் டின்னை உடைக்கும்போது ஒரு மூலையில் ஓட்டை போட்டதோடு நிறுத்த மாட்டார்கள். எதிர் மூலையிலும் சின்னதாக ஒன்று போடுவார்கள். அது இல்லாவிட்டால் எண்ணெய் ‘களக் களக்’ என்று விக்கி விக்கி வந்து, நின்றுவிடும். பெட்ரோல் டேங்க்கும் அந்த டின்தான். ஒரு லிட்டர் பெட்ரோல் வெளியே போனால் ஒரு லிட்டர் காற்று உள்ளே வந்தாக வேண்டும். வராவிட்டால் உள்ளே அழுத்தம் குறையும். கார்புரேட்டர் ஆம்னியில் இருப்பது கேம்ஷாஃப்ட் தள்ளி இயங்கும் டயாபிரம் பம்ப். ஒரு ரப்பர் தோல் ஏறி இறங்கி எவ்வளவுதான் இழுக்கும்? டேங்க் எதிர்ப்பக்கம் இழுக்க ஆரம்பித்தால் அது தோற்றுப்போகும்.

நிறைந்த டேங்க்கில் ஏன் சீக்கிரம் நிற்கிறது என்பதும் இதிலேயே விளங்கிவிடும். நிரம்பிய டேங்க்கில் மேலே 2 லிட்டர் காற்றிடம்தான் இருக்கிறது என்று வையுங்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் அந்த 2 லிட்டர் காற்று 3 லிட்டர் இடத்தில் பரவ வேண்டும். காற்றின் அழுத்தம் மூன்றில் ஒரு பங்கு இறங்கிவிடும். காற்றிடம் 20 லிட்டர் என்றால் அது 21 ஆகிறது, அவ்வளவுதான். பெட்ரோல் ஆவி கொஞ்சம் ஈடு கட்டும், ஆனால் முழுதாகக் கட்டாது. இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்த பிறகுதான், மேலூரைத் தாண்ட விடாத நிறைந்த டேங்க்கின் மீது எனக்கிருந்த கோபம் தணிந்தது.

இனி, டேங்க் எப்படி மூச்சு விடுகிறது என்று பார்ப்போம். வண்டிக்கு வண்டி, வருடத்துக்கு வருடம் அமைப்பு கொஞ்சம் மாறும். ஆனாலும் மூன்று இடங்களைப் பார்த்தால் போதும்.

ஒன்று, மூடி. வெறும் மூடி என்று நினைக்கிறோம். உள்ளே ஸ்பிரிங் வைத்த சின்ன வால்வு உண்டு. டேங்க்கில் அழுத்தம் குறைந்தால் அது திறந்து வெளிக்காற்றை உள்ளே விடும். பெட்ரோல் ஆவியைச் சாதாரணமாக வெளியே விடாது. தெருவோரத்தில் கிடைக்கிற சாவி வைத்த டூப்ளிகேட் மூடிகள் பலவற்றில் இந்த வால்வு கிடையாது. வால்வு போல ஒரு தகடு மட்டும் இருக்கும்.

இரண்டு, பெட்ரோல் ஊற்றும் தடித்த குழாய்க்குப் பக்கத்திலேயே ஓடும் ஒல்லியான ப்ரீத்தர் ஹோஸ். பெட்ரோல் உள்ளே இறங்கும்போது அங்கிருக்கும் காற்று வெளியேற வழி வேண்டுமல்லவா, அதற்கு. இது அடைத்துக்கொண்டால் வண்டி ஓடும்போது தெரியாது, பங்க்கில் தெரியும். கன் ‘டக், டக்’ என்று சும்மா சும்மா நின்றுகொண்டே இருக்கும். கன் முனையில் ஒரு சின்னத் துளை இருக்கிறது. பெட்ரோல் ஓடும் வேகத்தில் அந்தத் துளை காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பெட்ரோலோ நுரையோ துளையை மூடினால் உள்ளே ஒரு டயாபிரம் இழுபட்டு கன் நின்றுவிடும். ப்ரீத்தர் அடைத்த டேங்க்கில் காற்று வெளியேற முடியாமல் பெட்ரோல் குழாயிலேயே எதிர்த்து எழும்பி வரும். டேங்க் நிறைந்துவிட்டது என்று கன் ஏமாந்துபோகும். பங்க் பையன் எரிச்சலில், ‘அண்ணே, உங்க வண்டிக்கு மட்டும் மெதுவாத்தான் விடணும்’ என்பான். அவன்தான் நம் முதல் மெக்கானிக்.

மூன்று, டேங்க்கின் தலையிலிருந்து கிளம்பும் ஆவிக் குழாய். ரொம்பப் பழைய வண்டிகளில் இதன் மறுமுனை வெறுமனே வெளியே திறந்திருக்கும். எங்களுடையதில் இருவழி வால்வு ஒன்றைக் கடந்து கேனிஸ்டர் என்கிற கரி டப்பாவுக்குப் போகிறது. வெயிலில் நின்ற வண்டியில் கிளம்பும் ஆவி இந்தக் கரியில் ஒட்டிக்கொள்ளும். இன்ஜின் ஓடும்போது டப்பாவின் வாய் வழியாக வெளிக்காற்று ஏறி, ஒட்டிய ஆவியை இன்ஜினுக்குள் இழுத்துப் போய் எரித்துவிடும்.

இந்த டப்பாவுக்கு ஒரு கதை இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் கண்ணெரிச்சல் தரும் புகைமூட்டம் எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்தவர் ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர். வண்டிகளிலிருந்தும் எண்ணெய் ஆலைகளிலிருந்தும் வெளியேறும் எரியாத பெட்ரோல் ஆவி வெயிலில் மாற்றமடைந்துதான் அந்த நச்சு உண்டாகிறது என்று 1950களில் காட்டினார். ஓடாமல் நிற்கிற வண்டிகூட ஆவி விடுகிறதே என்று 1970 மாடல் முதல் கலிஃபோர்னியாவிலும், 1971 மாடல் முதல் அமெரிக்கா முழுவதிலும் இதற்குக் கட்டுப்பாடு வந்தது. கரி டப்பா அப்படிப் பிறந்ததுதான்.

நம்மூரில் இதற்கு மரியாதை கிடையாது. ‘இது என்னத்துக்குண்ணே, கழட்டிப் போட்ருவோம்’ என்று பாதி மெக்கானிக்குகள் கழற்றிவிடுவார்கள். இன்னும் சிலர் உள்ளே இருக்கும் கரியைக் கொட்டிவிட்டு, வாட்டர் ஃபில்டருக்கு வாங்கும் தேங்காய்ச் சிரட்டைக் கரியை நிரப்பலாம் என்பார்கள். காங்கேயம், பொள்ளாச்சிப் பக்கம் அந்தக் கரி ஏராளமாகத் தயாராகிறது. யோசனை கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சிரட்டைக் கரியின் துளைகள் மிக நுண்ணியவை. உள்ளே போன பெட்ரோல் ஆவியை இறுகப் பிடித்துக்கொண்டு லேசில் திருப்பித் தராது. தண்ணீரைச் சுத்தம் செய்ய அந்தப் பிடிவாதம் நல்லது. கேனிஸ்டரோ ராத்திரி பிடித்ததைக் காலையில் விட வேண்டும், அதனால் பெரும்பாலும் துளை பெரிதான மரக்கரிதான் போடுகிறார்கள்.

கரி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, மதுரையின் டி.வி.எஸ். நிறுவனம் கரியை எரித்து அந்த வாயுவில் பஸ் ஓட்டும் கலனைத் தயாரித்து விற்றது. அன்றைக்குப் பெட்ரோலுக்கு பதில் கரி. இன்றைக்குப் பெட்ரோலைக் காப்பாற்றக் கரி. சரி, கதை போதும்.

எங்கள் டேங்க்கை இறக்கினோம். வெளிநாட்டில் பழைய வோக்ஸ்வாகன் டைப் 2 வேன் வைத்திருப்பவர்கள் இந்த விஷயத்தில் பாவம். அறுபதுகளின் கடைசியிலிருந்து வந்த மாடலில் டேங்க்கை எடுக்க வேண்டுமானால் இன்ஜினையே முதலில் வெளியே எடுக்க வேண்டும். ஆம்னியில் அந்தத் தொல்லை இல்லை. டேங்க் அடிப்பக்கமாக இறங்கிவிடும். ஆனால் இறக்கும் முன் கவனிக்க வேண்டியவை உண்டு. பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள். வேலையைத் திறந்த வெளியில் வையுங்கள். பிட்டுக்குள் இறங்கிச் செய்யாதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தேங்கும், குண்டு பல்ப் போட்ட ஹேண்ட் லேம்ப் ஒன்று உடைந்தால் கதை முடிந்தது. பெட்ரோலை வாயால் உறிஞ்சி எடுக்கவே கூடாது. ஒரு மடக்கு புரையேறி நுரையீரலுக்குள் போனாலும் ஆஸ்பத்திரிதான். டேங்க்கில் ஓட்டை இருந்து பற்றவைக்க டிங்கரிங் கடைக்குக் கொடுப்பதானால், காலி டேங்க்தானே என்று நினைக்காதீர்கள். நிறைந்த டேங்க்கைவிட ஆவி நிறைந்த காலி டேங்க்தான் வெடிக்கும்.

இறக்கிப் பார்த்தால் கோளாறு ஒன்றல்ல, மூன்று. ஆவிக் குழாய்க்குப் போகும் ரப்பர் ஹோஸ், டேங்க் தலைக்கு மேலே யாரும் பார்க்க முடியாத இடத்தில் வெடித்து, உள்சுவர் உப்பி, துவாரம் கிட்டத்தட்ட மூடிக்கொண்டிருந்தது. இதற்கு வண்டி செய்தவர்களைக் குறை சொல்ல முடியாது; கால் நூற்றாண்டு தாண்டிய ரப்பர் வேறு எப்படி இருக்கும்? அடுத்து, எப்போதோ யாரோ பழுது பார்த்து மாட்டிய இன்னொரு ஹோஸ் அளவுக்கு மேல் நீளமாக இருந்து, நடுவில் தொட்டில் போலத் தொங்கியது. அந்தத் தொய்வில் பெட்ரோல் தேங்கிவிட்டால் காற்றுக்கு வழி கிடையாது; குழாய் புதிதாக இருந்தாலும் அடைத்ததுதான். மூன்றாவதாக, கேனிஸ்டரின் காற்று வாய்க்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது. நன்றாகக் குழைத்துப் பூசிய கரிசல் மண், சிமெண்ட் போல. கள்ளிக்குடிப் பக்கம் அத்தை வீட்டுத் தொழுவத்தில் வண்டி மாதக்கணக்கில் நின்ற சமயத்தில் கட்டியிருக்க வேண்டும்.

குளவிதானே என்று சிரித்த மெக்கானிக்குக்கு ஒரு தகவல் சொன்னேன். 2011இல் மஸ்தா நிறுவனம் அமெரிக்காவில் விற்ற மஸ்தா 6 கார்களில் 50,000க்கும் மேற்பட்டவற்றைத் திரும்ப அழைத்தது. காரணம், ஆவிக் குழாய்க்குள் ஒரு வகை மஞ்சள் சிலந்தி கூடு கட்டி, டேங்க்குக்குள் அழுத்தம் குறைந்து, டேங்க்கில் விரிசல் விடக்கூடும் என்று கண்டதுதான். 2014இல் அதே சிலந்திக்காக இன்னொரு தடவையும் அழைத்தார்கள். அவ்வளவு பெரிய கம்பெனியையே ஒரு சிலந்தி அலைக்கழித்திருக்கிறது. கரிசல்காட்டுக் குளவிக்கு என் ஆம்னி எந்த மூலைக்கு?

‘இவ்வளவு வேலை எதுக்குண்ணே, மூடியில ஒரு ஓட்டையப் போட்டு விட்டுர்றேன். ஜம்முனு ஓடும்’ என்றார் அவர்.

அவர் சொல்வது ஒரு விதத்தில் உண்மை. ஓடும். மதுரைச் சுற்றுவட்டாரத்தில் ஓடுகிற பழைய ஆம்னிகளில் எத்தனையோ மூடிகளில் இந்த ஓட்டை இருக்கிறது. ஆனால் இதைப் பழுது பார்த்தல் என்று என்னால் சொல்ல முடியாது. பெட்ரோல் சூட்டில் விரியும். ஒரு டிகிரிக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு என்று தோராயமாக வைத்தால், காலையில் நிலத்தடித் தொட்டியிலிருந்து 25 டிகிரியில் வாங்கிய 30 லிட்டர், மதியம் 40 டிகிரியில் கிட்டத்தட்ட அரை லிட்டர் பெருகிவிடும். நிறைந்த டேங்க் என்றால் அந்த அரை லிட்டர் ஓட்டை வழியே வழியும். வளைவில் திரும்பினால் சிந்தும். பக்கவாட்டுக் கதவைத் திறந்து வைத்து ஓட்டுகிற வண்டியில் அந்த வாடை நேரே உள்ளே வரும். உள்ளே பள்ளிப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தால்?

தூசியும் இருக்கிறது. திருமங்கலத்துக்குத் தெற்கே ஆடிக் காற்று அடிக்கும்போது ரோடே தெரியாது. அந்த மண் ஓட்டை வழியே டேங்க்குக்குள் போய், ஃபில்டரை அடைத்து, கார்புரேட்டர் ஜெட்டுக்கு வரும். அப்புறம் ‘ஜெட் அடைப்பு’ என்பது நிஜமாகவே நிஜமாகிவிடும்.

எல்லாவற்றையும்விட மழைத்தண்ணீர். முன்பு டேங்க்கில் கொஞ்சம் தண்ணீர் போனால் அடியில் தங்கும், வடித்து எடுத்துவிடலாம். இன்று பங்க்கில் வருவது எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 பிப்ரவரியில் 20 சதவீதக் கலவையை அறிமுகப்படுத்தினார்கள். இன்று எங்கும் அதுதான். எத்தனால் தண்ணீரை இழுத்துத் தன்னோடு கலந்துகொள்ளும். ஓர் அளவைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீருமாகப் பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் இறங்கிவிடும். இன்ஜினுக்குப் போகும் குழாய் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். அப்போது வண்டியைத் தள்ளிக்கொண்டு போக வேண்டியதுதான்.

எத்தனாலால் இன்னொரு தொல்லையும் உண்டு. பெட்ரோலில் 10 சதவீதம் எத்தனால் சேர்த்தாலே ஆவியழுத்தம் சுமார் 7 கிலோபாஸ்கல் கூடும். ஆக, டேங்க் முன்பைவிட அதிகமாக ஆவி விடுகிறது. மூச்சுக் குழாய் முன்பைவிட ஒழுங்காக இருந்தாக வேண்டும். அந்தக் குழாயின் பழைய ரப்பரையோ எத்தனால் ஊற வைத்து உப்பச் செய்கிறது. தொண்ணூறுகளில் செய்த ஹோஸ் இந்தப் பெட்ரோலுக்காகச் செய்தது இல்லை.

அதனால் ஹோஸ் வாங்கும்போது கறாராக இருங்கள். கடையில் முதலில் எடுத்துப் போடுவது கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக் டியூப். பெட்ரோல் ஓடுவது தெரியும், விலை மலிவு என்பார்கள். கொஞ்ச நாளில் மஞ்சளடித்து, விறகு மாதிரி விறைத்து, கிளிப் இடத்தில் விரிசல் விடும். ரேடியேட்டர் ஹோஸ், ஏர் ஹோஸ் எதுவும் ஆகாது. பெட்ரோலுக்கென்று செய்த ஹோஸில் மேலேயே எழுதியிருக்கும்: எஸ்.ஏ.இ. ஜே30, பக்கத்தில் ஆர்6, ஆர்7 அல்லது ஆர்9. ஆர்9 என்றால் உள்சுவர் ஃப்ளோரோ ரப்பர், எத்தனாலுக்குத் தாங்கும். விலை கூடத்தான். ஆனால் டேங்க்கை இறக்கி ஏற்றும் கூலியைக் கணக்கிட்டால் ஹோஸில் மிச்சம் பிடிப்பதில் அர்த்தமில்லை. ரப்பரைப் பற்றி மதுரைக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கோச்சடையில் வண்டி ரப்பர் சாமான்களும் வெள்ளரிப்பட்டியில் டயரும் தயாராகிற ஊர் இது.

மாட்டும்போது தெரிந்துகொண்டவை: ஹோஸ் டேங்க்கிலிருந்து மேல்நோக்கியே போக வேண்டும், எங்கேயும் தொய்வு கூடாது, மடங்கவும் கூடாது. திருகுக் கிளிப்பை வெறியோடு இறுக்கினால் அதன் பல் ரப்பரை அறுத்துவிடும். ஓரம் மழுங்கிய பெட்ரோல் கிளிப் கேட்டு வாங்குங்கள். இருவழி வால்வைக் கழற்றி, சுத்தமான ஹோஸ் துண்டு ஒன்றை மாட்டி ஊதிப் பாருங்கள். இரண்டு பக்கமும் காற்று போக வேண்டும், ஒரு பக்கம் கொஞ்சம் இறுக்கமாக. ஏதாவது ஒரு பக்கம் போகாவிட்டாலும் தூக்கிப் போடுங்கள். கேனிஸ்டருக்குள் கம்ப்ரெஸர் காற்றைப் பீய்ச்ச வேண்டாம், தண்ணீரில் கழுவவே வேண்டாம். டேங்க் பக்கக் குழாயில் லேசாக ஊதினால் கீழ் வாய் வழியே தாராளமாக வெளியே வர வேண்டும், கரித்தூள் வரக்கூடாது. குளவி கட்டிய வாயில், காற்றுக்குக் குறுக்கே நிற்காத சன்னமான கம்பி வலை ஒன்று வைத்துக் கட்டினோம்.

பழுது பார்த்தது சரிதானா என்று பார்க்க எங்கே போவது? கொட்டாம்பட்டி வரை போய்வந்தது ஒரு சோதனை. எனக்கு அது போதவில்லை. மதுரைக்காரனுக்கு வாய்த்த சோதனைக்களம் கொடைக்கானல்தான். வத்தலக்குண்டு தாண்டி மலையேறினால் சுமார் 2,100 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் நம் ஊரைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. ஏறும்போது டேங்க்குக்குள் இருக்கும் காற்றும் ஆவியும் வெளியே போகப் பார்க்கும். இறங்கும்போதுதான் உண்மையான பரீட்சை. மேலே மூடியைத் திறந்து பெட்ரோல் போட்டுவிட்டு இறங்கினால், உள்ளே மலைக்காற்று, வெளியே சமவெளிக் காற்று. மூச்சுக் குழாய் முழுக்க அடைத்திருந்தால் ஒரு சதுர அடித் தகட்டின் மேல் கிட்டத்தட்ட 180 கிலோ எடை உட்கார்ந்த மாதிரி. பெட்ரோல் ஆவி கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும். ஆனாலும் டேங்க் ‘டங்’ என்று உள்வாங்குவதற்கு அதில் பாதி போதும். போய்விட்டு வந்தோம். வத்தலக்குண்டில் டீக்கு நிறுத்தி மூடியைத் திறந்தேன். காகிதம் லேசாகக்கூட அசையவில்லை. திணறலும் இல்லை. பங்க்கில் கன்னும் இப்போது ஒரே மூச்சில் ஓடுகிறது.

கார்புரேட்டர் இல்லாத எம்.பி.எஃப்.ஐ. ஆம்னி வைத்திருப்பவர்கள், நமக்கு இதெல்லாம் வராது என்று நினைக்க வேண்டாம். பம்ப் எலெக்ட்ரிக், இழுவிசை அதிகம். அதனால் திணறல் தாமதமாகத் தெரியும், அவ்வளவே. அதற்குள் டேங்க் தகடு உள்வாங்கியிருக்கலாம். டீசல் மேட்டடார் வேனிலும் டேங்க்குக்கு மூச்சு வழி வேண்டும்தான். டீசல் அவ்வளவு ஆவியாவதில்லை என்பதால் கரி டப்பா தேவைப்படுவதில்லை.

பள்ளிக்கூட ட்ரிப் அடிக்கிற அண்ணன்மார்களிடம் ஒரு விண்ணப்பம். பங்குனி பிறப்பதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியை நல்ல மெக்கானிக்கிடம் விட்டு, டேங்க் தலையில் இருக்கிற ஹோஸ்களை மாற்றிவிடுங்கள். மூடியில் ஓட்டை இருந்தால் அந்த மூடியைத் தூக்கிப் போட்டுவிட்டு, வால்வு வைத்த மூடியாகக் கேட்டு வாங்குங்கள். கடையிலேயே உள்பக்கத்தைத் திருப்பி, ஸ்பிரிங் அமுங்குகிறதா என்று விரலால் அழுத்திப் பார்த்த பிறகு காசைக் கொடுங்கள்.